18 மாத அலவன்ஸ், 24 மாதப் படிப்பு

கேள்வி

அக்காவுக்கு வணக்கம். எனக்கு வயது 24. சுங்கை சிப்புட் டவுனிலிருந்து மோட்டாரில் 15 நிமிடம் உள்ளே போனால் எங்கள் தோட்டம். போன வருடம் உயிரித் தொழில்நுட்பத்தில் டிகிரி முடித்தேன். சி.ஜி.பி.ஏ. 2.81 மட்டும்தான். இப்போது ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் 11 மாதமாக வேலை செய்கிறேன். சம்பளம் 2,100 வெள்ளி. வீட்டுக்கு 700 கொடுக்கிறேன், பி.டி.பி.டி.என். கல்விக் கடனுக்கு 150, மோட்டார் தவணை 210.

போன வாரம் என் இறுதியாண்டு ஆய்வை மேற்பார்த்த விரிவுரையாளர் அழைத்தார். செம்பனை ஆலைக் கழிவுநீர் பற்றிய ஆய்வுக்கு நிதி கிடைத்திருக்கிறதாம். மாஸ்டர் சேர்ந்தால் மாதம் 1,600 வெள்ளி அலவன்ஸ், 18 மாதத்துக்கு. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். இதற்கிடையில் டவுனில் நடந்த கல்விக் கண்காட்சியில் ஒருவர் பேசினார். வார இறுதியில் மட்டும் வகுப்பு, ஒரே வருடத்தில் எம்.பி.ஏ., இன்றே 500 வெள்ளி கட்டினால் தள்ளுபடி என்கிறார்.

அப்பா இல்லை. அம்மா முன்பு பால்மரம் வெட்டினார், இப்போது செம்பனையில் உதிரிப் பழம் பொறுக்குகிறார். தம்பி படிவம் 5. "இன்னும் எத்தனை வருஷம்தான் படிப்பே?" என்று அம்மா கேட்கிறார். அத்தை கல்யாணப் பேச்சை எடுக்கிறார். இந்த வேலையில் நான் எதையும் கற்றுக்கொள்வதாகத் தெரியவில்லை. ஆலைக் குளத்துக்கு மேலே கறுப்பு பிளாஸ்டிக் போட்டதிலிருந்து வாடை குறைந்துவிட்டது என்று அம்மா ஒரு நாள் சொன்னார். அப்போதுதான் என் ப்ராஜெக்ட் ஞாபகம் வந்தது. போகலாமா, அக்கா?

பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கேள்விக்காக. அப்புறம் இரண்டு தடவையும் கடைசியில் நீங்கள் எழுதியிருந்த அந்தக் கறுப்பு பிளாஸ்டிக்குக்காக. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த எம்.பி.ஏ. விஷயத்தை முடித்துவிடுவோம். வேண்டாம். 500 வெள்ளியைக் கட்டாதீர்கள். எம்.பி.ஏ. மோசமான படிப்பு என்று சொல்லவில்லை. வங்கியிலோ மருத்துவமனை நிர்வாகத்திலோ பத்து வருடம் இருந்து, ஆட்களை வைத்து வேலை வாங்கிப் பழகியவருக்கு அது பயன்படும். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கென்று மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், பினாங்கில் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. ஆனால் 11 மாத அனுபவத்தோடு உங்களுக்கு அது ஒரு காகிதம் மட்டுமே. "இன்றே கட்டினால் தள்ளுபடி" என்பது பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் கேட்கிற பேச்சு. படிக்க வருகிறவருக்கு யோசிக்க நேரம் கொடுக்காத இடத்தில் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. உங்கள் தோழிகள் யாராவது அங்கே பணம் கட்ட நினைத்தால், எம்.கியூ.ஏ. என்கிற மலேசியத் தகுதி முகமையின் இணையப் பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயரைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். கல்லூரியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. அந்தப் படிப்பு, அந்த வளாகம், முழுநேரமா பகுதிநேரமா என்பது வரை ஒத்துப் போக வேண்டும். அங்கே இல்லாத பட்டத்தை அரசு வேலைக்குக் கொண்டுபோனால் கேள்விதான் மிஞ்சும்.

சரி, இப்போது உங்கள் 2.81. "மட்டும்தான்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். முதுகலைக்குப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் 2.50 அல்லது 2.75 கேட்கின்றன. அதற்குக் கீழே இருப்பவர்களைக்கூடத் தனியாக மதிப்பீடு செய்தோ, துறையில் சில வருட வேலை அனுபவம் பார்த்தோ எடுத்துக்கொள்வது உண்டு. நீங்கள் வாசலுக்கு உள்ளேதான் நிற்கிறீர்கள். அதைவிட முக்கியம், உங்களைக் கூப்பிட்டவர் உங்கள் புள்ளியைத் தெரிந்துகொண்டுதான் கூப்பிட்டிருக்கிறார். இறுதியாண்டில் நீங்கள் லேப்பில் எப்படி வேலை செய்தீர்கள் என்பதைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

நம் தோட்டப்புறத்துப் பிள்ளைகள் பலர் மாஸ்டர் என்றால் டிகிரியின் நான்காம் வருடம், ஐந்தாம் வருடம் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். வகுப்பு, டியூட்டோரியல், பரீட்சை, மறுபடியும் ஒரு கறுப்பு அங்கி. பாடவழி முதுகலை ஓரளவுக்கு அப்படித்தான் இருக்கும். குறைந்தது 40 கிரெடிட், ஒன்று அல்லது ஒன்றரை வருடம், கட்டணம் பெரும்பாலும் உங்கள் கையிலிருந்து. உங்களுக்கு வந்திருப்பது ஆய்வுவழி முதுகலை. இதில் கிரெடிட் கணக்கே கிடையாது. ஆய்வுமுறை பற்றி ஒன்றிரண்டு வகுப்புகள் இருக்கலாம். மற்றபடி உங்களுக்கு ஒரு கேள்வி, ஒரு மேற்பார்வையாளர், ஒரு லேப். கடைசியில் ஒரு ஆய்வேடு எழுதி, தேர்வாளர்கள் முன்னால் உட்கார்ந்து அதற்குப் பதில் சொல்ல வேண்டும். இரண்டையும் கலந்த மூன்றாவது வகையும் உண்டு, அது உங்கள் கதைக்கு வேண்டாம்.

ஆய்வு என்றால் என்ன என்று அம்மாவுக்குச் சொல்ல வேண்டி வரும். அவருக்கு அது தெரியாத விஷயம் என்று நினைக்காதீர்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில், கோலகங்சாரில், 1877ஆம் ஆண்டில் ஒன்பது ரப்பர் கன்றுகளை நட்டார்கள். அதில் ஒரு மரம் இன்னும் நிற்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். மரம் வந்துவிட்டது, ஆனால் பால் எடுப்பது எப்படி என்று அன்றைக்கு ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. பிரேசில் காட்டில் கோடரியால் கொத்தி எடுத்தார்கள், மரம் காயப்பட்டுப் போகும். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் இருந்த ரிட்லி என்பவர் 1890களில் இதையே ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டு மரத்தில் சோதித்துப் பார்த்தார். எவ்வளவு ஆழம் வெட்டலாம்? பழைய வெட்டையே மறுபடி சீவினால் என்ன ஆகும்? எந்த நேரத்தில் பால் அதிகம் வருகிறது? மெல்லிசாகப் பட்டையைச் சீவினால் மரம் சாகாது, காயமும் ஆறும், அதே வெட்டுக்கு மறுபடி வரலாம் என்று கண்டார். உங்கள் அம்மா விடியற்காலையில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, உளிக்கத்தியை மரத்தில் வைத்து ஒரு நூல் கனத்துக்குப் பட்டையை இழுத்தாரே, கொஞ்சம் ஆழமாகப் போய் மரத்தைக் காயப்படுத்தினால் மண்டோரிடம் ஏச்சு வாங்கினாரே, அத்தனையும் அந்த ஆய்வின் பலன். அத்தனை வருடமும் ஒருவருடைய ஆய்வு முடிவைத்தான் அவர் கையில் பிடித்திருந்தார்.

உங்களுக்குக் கிடைத்திருக்கும் கேள்வியும் அதே மாதிரி நம் வீட்டு வாசலில் இருக்கிற கேள்வி. ஒரு டன் செம்பனை எண்ணெய் எடுத்தால் இரண்டரை டன்னுக்கும் மேல் கழிவுநீர் வெளியாகிறது. சூடாக, பழுப்பு நிறத்தில், எண்ணெயும் நாரும் கலந்து வரும். அதன் பி.ஓ.டி., அதாவது அந்த அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன், லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். ஆற்றில் விடுவதற்கு முன் அதை 100க்குக் கொண்டுவர வேண்டும் என்று 1984லிருந்து தீபகற்பத்தில் விதி. 25,000 எங்கே, 100 எங்கே? இடையில் இருக்கிற வேலையைக் குளங்களில் வாழும் நுண்ணுயிர்கள் செய்கின்றன. காற்றில்லாத குளத்தில் அவை தின்று தீர்க்கும்போது மீத்தேன் வருகிறது. அம்மா சொன்ன கறுப்பு பிளாஸ்டிக், அநேகமாக அந்த வாயுவைப் பிடிப்பதற்குப் போட்ட மூடிதான். மீத்தேன் காற்றில் கலந்தால் நூறு வருடக் கணக்கில் கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 28 மடங்கு சூட்டைப் பிடித்து வைக்கும். மூடி போட்டால் அதை எரித்து மின்சாரம் எடுக்கலாம். மீத்தேனுக்கு வாடை இல்லை. அதோடு சேர்ந்து வருகிற ஹைட்ரஜன் சல்ஃபைடுக்குத்தான் அந்த அழுகிய முட்டை வாடை. மூடி இரண்டையும் தடுத்திருக்கும். ஒருவர் தினம் ஒரே வழியாக நடந்து, எப்போதிலிருந்து எது மாறியது என்று கவனித்துச் சொல்வதைத்தான் நாங்கள் களக் கவனிப்பு என்கிறோம். அம்மாவிடம் அது இருக்கிறது.

அதே சமயம் இது அழகான வேலை என்று சொல்லி உங்களை அனுப்பிவைக்க எனக்கு மனமில்லை. ஆலையில் போய்க் கேனில் கழிவுநீரைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். வாடை உடுப்பில் ஏறினால் இரண்டு சலவைக்கும் போகாது. சி.ஓ.டி. என்கிற வேதியியல் ஆக்சிஜன் தேவையை அளக்கும் குழாய்களை 150 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்துக் காத்திருக்க வேண்டும். பி.ஓ.டி. பார்க்க 30 டிகிரியில் மூன்று நாள் வேண்டும், நடுவில் ஒரு நாள் மின்சாரம் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கழிவுநீரைச் சுத்திகரிக்கிற ரியாக்டர் கலனில் இருக்கிற பாக்டீரியாவுக்குத் தீபாவளியும் தெரியாது, தைப்பூசமும் தெரியாது. தீனி போட யாராவது போக வேண்டும், அந்த யாராவது அநேகமாக நீங்கள்தான். இறுதியாண்டில் இதில் கொஞ்சம் செய்து பார்த்திருக்கிறீர்கள். அப்போது ராத்திரி எட்டு மணிக்கு லேப்பை விட்டு வரும்போது எரிச்சலாக இருந்ததா, அல்லது நாளைக்கு வாயு எவ்வளவு ஏறியிருக்கும் என்று யோசித்துக்கொண்டு வந்தீர்களா? இதை மட்டும் நான் சொல்ல முடியாது.

இப்போது என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன். நான் 22 வருடமாகப் பல்கலைக்கழக மேற்கல்விப் பிரிவில் வேலை செய்கிறேன். யார் முடிக்கிறார்கள், யார் பாதியில் போகிறார்கள் என்பதை ஒவ்வொரு பருவமும் பார்க்கிறேன். புள்ளி குறைந்ததால் போனவர்கள் குறைவு. மேற்பார்வையாளரோடு ஒத்துப்போகாமல், அல்லது பணம் நின்றுபோய்ப் போனவர்கள்தான் அதிகம். ஆகவே பல்கலைக்கழகத்தின் பெயரையும் பட்டத்தின் பெயரையும் பார்ப்பதற்கு முன்னால் ஆளைப் பாருங்கள், நிதியைப் பாருங்கள்.

இது எனக்கே நடந்தது. நானும் லயத்து வீட்டிலிருந்து படிக்கப் போனவள். மாஸ்டர் சேர்ந்தபோது யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரியாது. கூப்பிட்டார்கள், சந்தோஷமாகப் போனேன். எட்டாவது மாதம் என் மேற்பார்வையாளரின் ஒப்பந்தம் முடிந்து அவர் ஊருக்குப் போய்விட்டார். அவர் ஒப்பந்தம் முடியப் போவது பிரிவில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, என்னைத் தவிர. அலவன்ஸ் நின்றது. வேறொரு மேற்பார்வையாளர் கிடைக்கும் வரை நான்கு மாதம் டியூஷன் சொல்லிக் கொடுத்துச் சாப்பிட்டேன். புதியவர் வேறு தலைப்புக் கொடுத்தார், பழைய எட்டு மாத வேலை பெட்டிக்குள் போனது. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று எல்லாரும் சொன்னார்கள். என்ன வார்த்தை கேட்பது என்று சொல்லிக்கொடுக்க எங்கள் லயத்தில் யார் இருந்தார்கள்? அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் விரிவுரையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது, ஆய்வு நிதி எந்தத் தேதியில் முடிகிறது என்பது. நம் நாட்டில் ஆய்வு நிதிகள் பெரும்பாலும் இரண்டு, மூன்று வருடத்துக்குத்தான் வரும். நிதி கையெழுத்தான நாளிலிருந்து கணக்கு ஓடும், நீங்கள் சேர்ந்த நாளிலிருந்து ஓடாது. உங்களுக்கு 18 மாதம் என்கிறார். ஆய்வுவழி முதுகலையை நல்ல மாணவர் முடிக்க ஏறக்குறைய 24 மாதம் ஆகும். ஆய்வேட்டைச் சமர்ப்பித்து, தேர்வாளர்கள் படித்து, வாய்மொழித் தேர்வு வைத்து, திருத்தம் செய்து கொடுப்பதற்கே பல மாதம் போய்விடும். அந்தக் கடைசி ஆறு மாதம் நீங்கள் எதை வைத்துச் சாப்பிடுவீர்கள்? இதை நேராகக் கேளுங்கள். "டாக்டர், 18 மாதத்துக்குப் பிறகு நிதி நீட்டிக்கப்படுமா, இல்லையென்றால் 18 மாதத்துக்குள் லேப் வேலையை முடிக்கிற மாதிரித் திட்டம் போடலாமா?" என்று கேட்டால் நல்ல மேற்பார்வையாளர் கோபப்பட மாட்டார். கேட்டதற்கே கோபப்படுகிறவர் என்றால், அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்து, கல்விக் கட்டணம் யார் கட்டுகிறார்கள்? 1,600 அலவன்ஸுக்கு வெளியே நிதியிலிருந்து கட்டுகிறார்களா, அதிலிருந்து நீங்களே கட்ட வேண்டுமா? அலவன்ஸ் மாதாமாதம் வருகிறதா, கிளெய்ம் போட்டு வாங்குவதா? கிளெய்ம் என்றால் முதல் பணம் கைக்கு வர இரண்டு, மூன்று மாதம் ஆகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் இதுவரை எத்தனை மாணவர்கள் முடித்தார்கள், எத்தனை மாதத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? முடிப்பதற்கு ஆய்வுக்கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டா? எந்த ஆலை மாதிரி கொடுக்கிறது, எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொண்டிருக்கிறதா? ஆலைக்காரர்கள் பாதியில் கதவைச் சாத்திய கதைகள் எனக்குத் தெரியும். இதையெல்லாம் அவரிடம் கேட்ட பிறகு, அவர் லேப்பில் இப்போது இருக்கிற ஒரு மாணவரைத் தனியாகப் பார்த்து ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்து அதே கேள்விகளைக் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போனால் பாதி பயம் போய்விடும்.

இனி வீட்டுக் கணக்கு. உங்கள் கடிதத்தில் உள்ள எண்களை வைத்தே போட்டுப் பார்த்தேன். கட்டணத்தை நிதி கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,600இல் பல்கலைக்கழகப் பக்கம் அறை வாடகை 300, சாப்பாட்டுக்கும் மற்றதுக்கும் 500. மீதம் 800. மோட்டார் தவணை 210 போனால் 590. மேற்படிப்பில் சேருகிறவர்கள் பி.டி.பி.டி.என். கடனைத் திருப்பிக் கட்டுவதைத் தள்ளிவைக்க விண்ணப்பிக்கலாம். சேர்ந்ததும் சேர்க்கைக் கடிதத்தை வைத்து அதைச் செய்யுங்கள், பேசாமல் கட்டாமல் விட்டுவிடாதீர்கள். அது கிடைத்தால் வீட்டுக்கு 590 கொடுக்க முடியும். இப்போது கொடுப்பது 700. ஆக அம்மாவிடம் பேச வேண்டிய தொகை மாதம் 110 வெள்ளி. "இன்னும் எத்தனை வருஷம்தான் படிப்பே" என்ற கேள்விக்குள் இருப்பது, வீடு எப்படி ஓடும் என்ற பயம். 110 வெள்ளி என்று சொன்னால் அவர் உட்கார்ந்து யோசிக்க முடியும். பகுதிநேரமாக லேப்பில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை, எஸ்.பி.எம். தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை டியூஷன், இரண்டில் ஒன்று அந்த 110ஐ மூடிவிடும். கட்டணம் உங்கள் தலையில் என்றால் இந்தக் கணக்கு முழுக்க மாறிவிடும். அப்போது நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

ஊழியர் சேமநிதியில் இருந்து எடுக்கலாமா என்று யோசிப்பீர்கள். மேற்கல்விக்கு எடுக்க அனுமதி உண்டு, அதன் ஒரு பகுதியான செஜாத்தெரா கணக்கிலிருந்து. ஆனால் சம்பளத்தில் உங்கள் 11 சதவீதமும் முதலாளியின் 13 சதவீதமும் சேர்த்து 11 மாதத்தில் ஏறக்குறைய 5,500 வெள்ளி. அதில் 15 சதவீதம்தான் அந்தக் கணக்குக்குப் போகும், 830 வெள்ளிக்குப் பக்கம். அதைத் தொடாதீர்கள், அவசரத்துக்கு இருக்கட்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். அலவன்ஸ் வாங்கும் காலத்தில் பொதுவாகச் சேமநிதி ஏறாது. அந்த இழப்பையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். உயர்கல்வி அமைச்சின் மைபிரெயின் உதவி விண்ணப்பத்துக்குத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். செம்பனை வாரியமும் முதுகலை ஆய்வு மாணவர்களுக்கென்று உதவித் திட்டம் வைத்திருக்கிறது, உங்கள் தலைப்பு அதற்கு நேராகப் பொருந்தும். உங்கள் விரிவுரையாளருக்கு இது தெரிந்திருக்கும், அந்தக் கடைசி ஆறு மாதத்துக்கு அங்கே கேட்கலாமா என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

முடித்த பிறகு வேலை? உண்மையைச் சொல்கிறேன். இப்போது இருக்கிற தரப் பரிசோதனை வேலைக்கு மாஸ்டரோடு திரும்பிப் போனால் சம்பளம் பெரிதாக ஏறாது. சில முதலாளிகள் "படிப்பு அதிகம்" என்று தயங்கவும் செய்வார்கள். இடைநிலைப்பள்ளி ஆசிரியராகத்தான் ஆசை என்றால் அதற்கு வழி கல்வியியல் டிப்ளோமா, இது கிடையாது. ஆய்வுக்கூடங்கள், சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்கள், பயோகேஸ் நிலையங்கள், தனியார் கல்லூரியில் கற்பித்தல், அல்லது முனைவர் பட்டம், இவற்றில் ஒன்றை நோக்கிப் போகிறீர்கள் என்றால் இந்த இரண்டு வருடம் வீணாகாது. நன்றாக முன்னேறினால் முதல் வருடத்திலேயே மாஸ்டரை முனைவர் ஆய்வாக மாற்றிக்கொள்ளவும் பல பல்கலைக்கழகங்களில் இடம் உண்டு. அந்த ஆசை காட்டினால் உடனே தலையாட்ட வேண்டாம், நிதி இருக்கிறதா என்று மறுபடி கேளுங்கள்.

பதில்கள் சரியாக வராவிட்டால் உங்களுக்கு வேறு கதவு இல்லை என்று நினைக்காதீர்கள். செம்பனை ஆலைகளில் கழிவுநீர் சுத்திகரிப்பைப் பார்த்துக்கொள்ள தகுதிச் சான்றிதழ் பெற்ற ஆள் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் சான்றிதழுக்கான பயிற்சியைச் சுற்றுச்சூழல் துறையின் எய்மாஸ் கழகம் நடத்துகிறது. ஆலையில் வேலைக்குச் சேர்ந்து, அந்தச் சான்றிதழை எடுத்து, நாலைந்து வருடம் குளத்துக்குப் பக்கத்தில் நின்று வேலை கற்றுக்கொண்டு, அதன் பிறகு மாஸ்டருக்கு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் கேள்வி ஏற்கெனவே இருக்கும். பேராசிரியர்கள் அவர்களைத் தேடுவார்கள். 24 வயது என்பது கதவு சாத்துகிற வயது கிடையாது.

அத்தையின் பேச்சுக்கு நான் நீளமாக எழுதப் போவதில்லை. இரண்டு வருடம் கழித்து உங்களுக்கு 26 வயது. அதையே அவரிடம் சொல்லுங்கள். அதற்கு மேல் பேச்சு வந்தால் அம்மா பார்த்துக்கொள்வார், அவர் உங்கள் பக்கம் இருந்தால். அவரை உங்கள் பக்கம் கொண்டுவரத்தான் அந்த 110 வெள்ளிக் கணக்கும், கோலகங்சார் மரமும். முடிந்தால் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு நாள் அம்மாவையும் தம்பியையும் அந்த லேப்புக்கு அழைத்துப் போங்கள். விரிவுரையாளரிடம் அனுமதி கேட்டால் கொடுப்பார். மகள் எங்கே நிற்கப் போகிறாள், எதைத் தொடப் போகிறாள், ராத்திரியில் யார் கூட இருப்பார்கள் என்பதைக் கண்ணால் பார்த்த தாயிடம் பேசுவது வேறு. என் அம்மா நான் முடித்து மூன்று வருடம் கழித்துத்தான் என் லேப்பைப் பார்த்தார். "இவ்வளவு கண்ணாடியா கழுவினே?" என்று கேட்டார். முன்பே காட்டியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் என்ன செய்வேன் என்று நேராகக் கேட்கிறீர்கள் என்றால், போவேன். மூன்று விஷயம் எழுத்தில் வந்தால் போவேன். கட்டணம் நிதியிலிருந்து கட்டப்படும், நிதி முடியும் தேதி இது, 18 மாதத்துக்குப் பிறகு இன்ன ஏற்பாடு. வாய்ப்பேச்சு போதாது, மின்னஞ்சலில் வேண்டும். இந்த மூன்றில் ஒன்று வராவிட்டாலும் மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு அடுத்த வாய்ப்புக்குக் காத்திருப்பேன். அதுவரை தொழிற்சாலை வேலையை விடாதீர்கள். சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் ராஜினாமா, அதுவும் உங்கள் வேலை ஒப்பந்தத்தில் எத்தனை மாத நோட்டீஸ் என்று பார்த்துவிட்டு.

மின்னஞ்சலை இன்றைக்கே எழுதுங்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ, சுருக்கமாக. அழைத்ததற்கு நன்றி, எனக்கு விருப்பம் இருக்கிறது, குடும்பத்தோடு பேசி முடிவு சொல்ல இந்த மூன்று விவரமும் தேவை, அடுத்த வாரம் நேரில் வந்து பார்க்கலாமா, அம்மாவையும் அழைத்து வரலாமா? இவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கிற மாதிரி எழுதாதீர்கள். அனுப்பும் முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பினால் பார்த்துக் கொடுக்கிறேன்.

அப்புறம் ஒரு வேலை. குளத்துக்கு மூடி போட்டது எந்த வருடம், எந்தக் காற்று வீசும்போது முன்பு வாடை லயத்துக்கு வரும், இப்போது எந்த நாட்களில் மட்டும் வருகிறது என்று அம்மாவிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நேரில் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
அக்கா